மந்தம் பிள்ளையிலா, பள்ளிக்கூடத்திலா?

ஒரு குழந்தை பேச வேண்டிய வயதில் பேசவில்லை, நடக்க வேண்டிய வயதில் நடக்கவில்லை, ஒன்றைப் பத்துத் தரம் சொன்னாலும் அதன் மனதில் தங்கவில்லை என்றால், நமது நாட்டில் அதன் பெற்றோர்களில் எத்தனையோ பேர் முதலில் போகுமிடம் ஜோசியன் வீடாகவே இருக்கிறது. அவன் ராகு என்கிறான், கேது என்கிறான், முன்ஜென்மப் பாவம் என்கிறான். பரிகாரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கும் போட்டுக் கொடுக்கிறான். அங்கிருந்து கோவில், அப்புறம் தர்கா, அப்புறம் மாதாகோவில், பிறகு மந்திரித்த கயிறு, தாயத்து, மொட்டை, நேர்த்திக்கடன். இத்தனையும் முடிந்து கைக்காசும் முடிவதற்குள் குழந்தைக்கு ஏழெட்டு வயதாகிவிடுகிறது. மூளை வேகமாக வளரக்கூடிய காலமெல்லாம் கோவில் பிரகாரத்தில் கழிந்து போகிறது. கடைசியில் தாயாருக்குக் கிடைப்பது என்ன? "எல்லாம் தலையெழுத்து" என்கிற ஒரு வார்த்தை. அதோடு, அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற பாவி என்று ஊரார் கொடுக்கும் பட்டம் வேறு.

நிற்க, நாம் இங்கு ஜோசியனோடு மாத்திரம் சண்டை போட வரவில்லை. அவன் படிக்காதவர்களிடம் சொல்லுவதையே படித்தவர்களுடைய பள்ளிக்கூடம் வேறு பாஷையில் சொல்லுகிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு. அவன் "தலையெழுத்து" என்கிறான். பள்ளிக்கூடம் "இவனுக்கு இவ்வளவுதான் வரும்" என்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

சட்டத்தில் குறையொன்றும் இல்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. நூற்றுக்கு 40-க்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைக்கு 18 வயது வரையில் பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாய்ப் படிக்க உரிமை உண்டென்றும் சொல்லிற்று. 2021-ல் உச்சநீதிமன்றம், தொடக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியரும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டுமென்று சொன்னது. இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. ஆனால் 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்தியாவிலுள்ள மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர்; அவர்களில் நூற்றுக்கு 45 பேர் எழுத்தறிவில்லாதவர்கள். இது எந்தக் கிரகம் செய்த வேலை?

வகுப்பறைக்குள் நுழைந்து பாருங்கள். பல பள்ளிக்கூடங்களில் அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. உடம்பு கடைசிப் பெஞ்சில் இருக்கிறது. படிப்பு மாத்திரம் எங்குமில்லை. மற்றப் பிள்ளைகள் பாடம் கேட்கும்போது அவன் கையில் ஒரு படத்தையும் வர்ணக் குச்சியையும் கொடுத்து "இதற்குச் சாயம் அடி" என்கிறார்கள். இல்லாவிட்டால் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொல்லுகிறார்கள். எழுதியது என்னவென்று அவனுக்கும் தெரியாது. எழுதச் சொன்னவர்களுக்கும் கவலையில்லை. மூன்று வருஷம் கழித்து "பார்த்தீர்களா, ஒன்றும் ஏறவில்லை" என்று பிள்ளையின் மேல் குற்றம் சொல்லுகிறார்கள். உலையில் அரிசியே போடாமல் சோறு ஆகவில்லை என்று பானையைத் திட்டுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்?

இனி, இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் கற்பிப்பது என்று கேட்டால், உலகத்தில் அதற்குப் பதில் கிடைத்து இருநூறு வருஷம் ஆகப் போகிறது. பிரான்சு தேசத்தில் காட்டில் தனியே திரிந்த ஒரு சிறுவனை 1800-ல் பிடித்துக் கொண்டு வந்தார்கள். பினெல் என்ற பேர்போன வைத்தியர் அவனைப் பார்த்து, இவன் பிறவியிலேயே அறிவற்றவன், தேறமாட்டான் என்றார். இட்டார்டு என்ற இளம் வைத்தியர் அதை ஒப்புக்கொள்ளாமல் ஐந்து வருஷம் அவனோடு பாடுபட்டார். பையன் பேசக் கற்கவில்லை என்பது உண்மையே. ஆனால் சில எழுத்துச் சொற்களை அடையாளம் கண்டான். சாப்பாட்டு மேஜையை ஒழுங்கு செய்யக் கற்றான். அவருடைய மாணவர் செகேன் என்பவர் இன்னும் ஒருபடி போய், மூளைக்கு வழி கண், காது, கை, கால்களின் மூலம்தான் என்று கண்டு, அறிவற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவே ஒரு முறையை உண்டாக்கி 1846-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

அந்தப் புத்தகங்களை இத்தாலிய பாஷையில் தன் கையாலேயே எழுதிப் படித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவரும் வைத்தியரே. 1900-ல் ரோமாபுரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை செய்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டது. ஆனால் அந்த அம்மையார் வேறு ஒன்றை யோசித்தார். குறைபாடுள்ள பிள்ளை இவ்வளவு தூரம் வந்தால், ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளை அதே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிற பள்ளிக்கூடம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு 1907-ல் ரோமாபுரியின் ஏழைப் பேட்டை ஒன்றில் சாதாரணப் பிள்ளைகளுக்கு அதே முறையில் பள்ளி திறந்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பெல்ஜியத்தில் டெக்ரோலி என்ற வைத்தியரும் இதே வழியில்தான் போனார். 1901-ல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி. அதில் கண்ட முறையைக் கொண்டு 1907-ல் மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் ஜான் டூயி என்பவர் 1896-ல் சிகாகோவில் ஒரு பள்ளி வைத்து, சமையல், தையல், தச்சு ஆகிய வேலைகளின் மூலமாகப் பாடங்களைக் கற்பித்தார். அவர் வழியில் வந்த கில்பாட்ரிக் என்பவர் 1918-ல் இதற்குப் "புராஜெக்ட் முறை" என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். பிள்ளைகள் தாங்கள் விரும்பி ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, திட்டம் போட்டு, செய்து முடித்து, சரியாக வந்ததா என்று தாங்களே பார்ப்பது. அதற்குள்ளேயே எழுத்து, கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் வந்து சேருவது. செயல்திட்டக் கல்வி என்று நாம் தமிழில் சொல்லுவது இதுதான்.

வாசகர்கள் இந்தச் சரித்திரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையால் செய்து கற்கும் முறையில் ஒரு பெரும் பாகம் "உதவாதவர்கள்" என்று தள்ளப்பட்ட பிள்ளைகளிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பெரிய சம்பளம் வாங்கும் சரக்காகிவிட்டது. இன்று கெட்டிக்காரப் பிள்ளைக்குப் புராஜெக்ட். குறைபாடுள்ள பிள்ளைக்குச் சாயம் அடிக்கும் காகிதம். கிணறு வெட்டியவனைத் தண்ணீர் எடுக்காதே என்று விரட்டுவது நமது நாட்டுக்குப் புதிதல்லவே!

அந்தப் புராஜெக்டாவது ஒழுங்காக நடக்கிறதா? தகப்பனார் கடைக்கு ஓடிச் சார்ட்டும் படமும் வாங்குவதும், தாயார் ராத்திரி பதினொரு மணி வரையில் உட்கார்ந்து தெர்மகோலை வெட்டுவதும், பிள்ளை தூங்குவதும், காலையில் அதைச் சுமந்து கொண்டுபோய் மார்க் வாங்குவதும்தான் பல ஊர்களில் புராஜெக்ட் என்று நடக்கிறது. நாம் சொல்லுவது இந்த வேஷத்தையல்ல.

நாம் சொல்லுவது என்னவென்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு வகுப்பார் சுண்டல் கடை போடுவதென்று தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த வகுப்பில் கண் தெரியாத ஒரு பெண்ணும், காது கேளாத ஒரு பையனும், அறிவு வளர்ச்சி தாமதப்பட்ட ஒரு பையனும், ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். இரண்டு கிலோ கொண்டைக்கடலை வாங்க வேண்டும். ராத்திரி ஊற வைக்க வேண்டும். ஊறி வெந்தால் சுமார் இரட்டிப்பு எடையாகும், நாலு கிலோ. கிண்ணத்துக்கு நூறு கிராம் என்றால் நாற்பது கிண்ணம். கிண்ணம் பத்து ரூபாய் என்றால் நானூறு ரூபாய். செலவு போக மீதி என்ன? இதில் எடை இருக்கிறது, பெருக்கல் இருக்கிறது, கழித்தல் இருக்கிறது. விதை ஏன் தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது என்ற விஞ்ஞானம் இருக்கிறது. விலைப்பலகை எழுதும் எழுத்து இருக்கிறது. வருகிறவனிடம் மரியாதையாய்ப் பேசும் பேச்சும் இருக்கிறது.

தாமதமாய் வளரும் பையனுக்கு நாற்பது என்பது மலை; பத்து வரையில்தான் எண்ணுவான். சரி, தட்டுக்குப் பத்துக் கிண்ணமாக அவன் அடுக்கட்டும். நாலு தட்டு நிறைந்தபோது நாற்பது என்பது அவன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கண் தெரியாத பெண் ஊறாத கடலையையும் ஊறிய கடலையையும் விரலால் பார்த்து, எது பக்குவம் என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நாணயங்களைத் தடவிக் கணக்குப் பார்க்கட்டும். கணக்கைப் பிரெயில் எழுத்தில் குறிக்கட்டும். காது கேளாத பையன் கடையில் நின்று சைகையாலும் பலகையாலும் வியாபாரம் செய்யட்டும். அவனிடம் வாங்க வருகிறவர்கள் நாலு சைகையைக் கற்றுக்கொண்டு வரட்டும். அடுத்து என்ன நடக்குமென்று தெரியாவிட்டால் கலவரப்படுகிற ஆட்டிசப் பிள்ளைக்கு, கழுவு, ஊறவை, வேகவை, தாளி, அள்ளு என்று வேலையின் ஒவ்வொரு படியையும் படமாக எழுதி வரிசையாய் ஒட்டி வையுங்கள். சத்தம் தாங்காதபோது போய் இருக்க ஒரு மூலையையும் ஒதுக்குங்கள். அடுப்பை மட்டும் பெரியவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்.

இதனால் என்ன நன்மை என்றால், அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பொருத்திக் கொள்வது கஷ்டம் என்பது இத்துறையில் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். புத்தகத்தில் பத்து ரூபாய் நோட்டின் படத்தைக் காட்டி நூறு நாள் கற்பித்தாலும் கடையில் நிஜ நோட்டைக் கண்டு அந்தப் பிள்ளை விழிக்கும். ஆகையால் எங்கே உபயோகப்படுத்த வேண்டுமோ அங்கேயே கற்பிப்பதுதான் அதற்கு நியாயமான படிப்பு. கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லருக்கு 1887-ல் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை கையில் எழுத்தெழுத்தாய்க் காட்டிக் கற்பித்தபோது, குவளை எது, தண்ணீர் எது என்று குழந்தைக்கு வெகு நாள் விளங்கவில்லை. ஒரு நாள் ஒரு கையில் குழாய்த் தண்ணீர் கொட்டும்போதே மறு கையில் அந்தச் சொல்லை எழுதினார். அப்போதுதான் பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அந்தக் குழந்தைக்கு விளங்கிற்று. இதை எழுதுகிற நாமும் பள்ளியில் கற்றது கொஞ்சம். தராசு பிடித்துக் கற்றதே மிகுதி. கையில் பட்ட கணக்கு மறப்பதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்து கொள்வதற்குச் செயல்திட்டம் என்று பெயரில்லை. அப்படிச் செய்தால் கெட்டிக்காரப் பிள்ளை முன்னே ஓடும்; குறைபாடுள்ள பிள்ளை தூணைப் போல் நிற்கும். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாய் உடைத்து, ஒவ்வொரு படியையும் செய்து காட்டி, முதலில் கையைப் பிடித்தும், பிறகு வாயால் சொல்லியும், பிறகு ஜாடையால் காட்டியும், கடைசியில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தும், உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். மார்க்குக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு நோட்டில், போன மாதம் கை பிடித்துச் செய்தான், இந்த மாதம் சொன்னவுடன் செய்தான், அடுத்த மாதம் தானே செய்தான் என்று எழுதி வரட்டும். அதுதான் அந்தப் பிள்ளையின் பரீட்சைத் தாள். மேலும், தண்ணீர் தூக்குவதும் பெருக்குவதுமே என்றைக்கும் அவன் பங்கென்று வைத்துவிடக்கூடாது. வேலை முறை மாறி வர வேண்டும். பரிதாபப்பட்டு மற்றப் பிள்ளைகள் அவன் வேலையையும் தாங்களே செய்து விடுவதையும் தடுக்க வேண்டும். பரிதாபம் பார்ப்பதற்கு நல்ல குணமாகத் தோன்றும். அது ஒருவன் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பத்தைத் திருடுகிறது.

இங்கே நம்முடைய வாசகர்களுக்கே ஒரு சந்தேகம் தோன்றும். "கைவேலை மூலம் கல்வி என்கிறீர்களே, 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திட்டமும் இதுதானே? பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் தகப்பன் தொழில் என்றதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து, 1954-ல் ஒழித்தோமே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே பேதத்தைத் தெளிவாய்ச் சொல்லுகிறோம். எழுத்தையும் கணக்கையும் உலக அறிவையும் அடைவதற்கு வேலையை ஏணியாக வைப்பது ஒன்று. எழுத்துக்குப் பதிலாக வேலையைக் கொடுத்து, பிறந்த இடத்திலேயே ஒருவனைக் கட்டிப் போடுவது மற்றொன்று. முன்னது கல்வி, பின்னது வருணாசிரமம்.

இந்தப் பின்னதுதான் இன்று குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பல இடங்களில் நடக்கிறது என்பதை அனேகர் கவனிப்பதில்லை. மெழுகுவர்த்தி வார்ப்பது, காகித உறை ஒட்டுவது, மணி கோப்பது, கூடை பின்னுவது. பத்து வயதிலும் அதுதான், இருபது வயதிலும் அதுதான். அந்த மெழுகுவர்த்தி எத்தனை ரூபாய்க்கு விற்றது, ஏன் எரிகிறது, அதன் லாபம் யாருக்கு என்பது செய்தவனுக்குத் தெரியாது. இது சூத்திரனுக்குப் படிப்பு வராது என்று சொன்ன அதே நியாயத்தை, ஜாதியை விட்டு உடம்பின்மேல் ஏற்றி வைத்ததைத் தவிர வேறென்ன? தொழில் கெட்டதல்ல. யோசிக்கிற பாகத்தை ஒருவனுக்கும், செய்கிற பாகத்தை மற்றொருவனுக்கும் என்று பங்கு போடுவதுதான் கெட்டது. செயல்திட்டத்தில் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் கூட்டத்திலேயே அந்தப் பிள்ளைக்கு ஓட்டு இருக்க வேண்டும். பேச முடியாதவனுக்குப் படங்களை வைத்து, எது வேண்டுமென்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் மீதியெல்லாம் வெறும் எடுபிடி வேலை.

வேறு சில ஆட்சேபணைகளும் உண்டு. "நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?" என்கிறார்கள். செய்ய முடியாதுதான். அதனால்தான் உச்சநீதிமன்றம் சொன்ன கணக்குப்படி சிறப்பாசிரியரை நியமிக்கும்படி கேட்கச் சொல்லுகிறோம். வாரத்தில் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஆசிரியரால் ஆகிற காரியமல்ல இது. "இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்கிறார்கள். தேர் இழுக்கவும் கும்பாபிஷேகம் செய்யவும் பணம் வசூலாகிற ஊரில், பள்ளிக்கூட வாசலில் ஒரு சாய்தளம் போடப் பணமில்லை என்றால் யார் நம்புவார்கள்? "சுண்டல் விற்கவா என் மகனைப் பள்ளிக்கு அனுப்பினேன்?" என்று சில பெற்றோர் கோபிக்கலாம். அவர்கள் ஒரு நாள் வந்து, தங்கள் மகன் பத்துப் பத்தாய் அடுக்குவதையும், மீதிச் சில்லறை கொடுப்பதையும் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். கண்ணால் கண்டதை ஒப்புக்கொள்ளுவதுதானே பகுத்தறிவு?

கடைசியாக, தர்மப் பிரபுக்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த நாள், திதி, கலியாண நாள் என்றால் சிறப்புப் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு போட்டு, பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திப் போட்டோ எடுத்துக் கொண்டு, புண்ணியம் சம்பாதித்து விட்டதாக நினைத்து வீட்டுக்குப் போகிறீர்கள். சோறு போடுவதை நாம் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வருஷமெல்லாம் கையேந்தி வாங்குகிறவனாகவே உங்கள் முன்னால் நிற்க வேண்டுமா? அடுத்த தடவை அவர்கள் போட்ட கடைக்குப் போங்கள். விலையைக் கேளுங்கள். காசைக் கொடுத்து, சரியான சில்லறை வருகிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். தவறாயிருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஒரு மனிதனுக்கு மற்றொரு மனிதன் காட்டும் மரியாதை அது.

ஆகையால் தோழர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதலில் ஜோசியனிடம் போகாமல் வைத்தியரிடமும் சிறப்பாசிரியரிடமும் சீக்கிரத்தில் அழைத்துப் போகும்படி பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியரிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிள்ளைக்கென்று எழுதிய படிப்புத் திட்டம் எங்கே? சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? போன மாதம் செய்யத் தெரியாத எந்தக் காரியத்தை இந்த மாதம் இந்தப் பிள்ளை செய்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும் வரையில் திரும்பத் திரும்பப் போய்க் கேளுங்கள்.